முறிக்காது என்று சொன்னேன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆலோசகர்கள் படிக்கிற மாதிரி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று நம் மையத்திலிருந்து போன் செய்தார்கள். எதைப் பற்றி என்று கேட்டேன். "ஒங்க அனுபவத்தப் பத்தித்தான் மேடம்" என்றார்கள். பதினேழு வருஷம் எச்.ஐ.வி. மாத்திரை வாங்க வருகிறவர்களோடு ஒரு மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அனுபவம் என்று பார்த்தால் நாற்பது பக்கம் வரும். அதில் முக்கால்வாசி அலுப்புத்தான்.

நான் நன்றாகச் செய்ததை எல்லாம் ஓய்வு பெற்றபோது சால்வை போட்ட அன்றே பேசிவிட்டார்கள். கொஞ்சம் கூட்டியும் பேசினார்கள். அதனால் நான் கெடுத்த ஒன்றை எழுதுகிறேன். வேலையில் ஊறியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. இன்னும் சில வருஷம் போனால் உங்களுக்கும் வரும்.

நீங்கள் இந்த மேஜையில் உட்கார்ந்ததும் முதலில் கவனிப்பீர்கள். மாத்திரையைக் கையில் கொடுத்தால் நம் ஊர்க்காரர்கள் பக்க விளைவு என்ன என்று கேட்க மாட்டார்கள். பத்தியம் என்ன என்றுதான் கேட்பார்கள். கருவாடு ஆகுமா, கத்தரிக்காய் ஆகுமா, பாகற்காய் ஆகுமா. கடலோரக் கட்டுமாவடிப் பக்கத்து ஆட்களுக்கு மீனை நிறுத்தச் சொல்லிவிடுவோமோ என்று முகத்திலேயே பயம் தெரியும். எல்லாரும் தவறாமல் கேட்பது அகத்திக்கீரையைப் பற்றி. அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்று இந்த மாவட்டத்தில் கைக்குழந்தையைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்கிற மாதிரி தலையைத் தூக்காமலே சொல்வேன். "பத்தியமெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க. நல்லாச் சாப்பிடுங்க. இந்த மாத்திரைய எதுவும் முறிக்காது."

அந்தப் பதிலைச் சும்மா பிடித்துக்கொள்ளவில்லை. நான் சேர்ந்த புதிதில் ஒருவர் தானாகவே கடும் பத்தியம் வைத்துக்கொண்டு, உப்பில்லாக் கஞ்சி மட்டும் குடித்து, எலும்பும் தோலுமாக வந்தார். இன்னொரு அம்மா வீட்டில் கறிக்குழம்பு வைத்த நாளெல்லாம் மாத்திரையை விட்டிருந்தார். கறியை விட மனம் வரவில்லை, மாத்திரையை விட்டுவிட்டார். அப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எதுவும் முறிக்காது என்று அடித்துச் சொல்லப் பழகினேன். நாட்டு மருந்து மட்டும் வேண்டாம் என்று கூடச் சேர்த்துக்கொள்வேன். அந்தக் காலத்து மாத்திரைக்கு அது ஓரளவு ஓடியது.

அப்புறம் மாத்திரை மாறியது. இப்போது நீங்கள் கொடுக்கிறீர்களே, டொலுடெகிராவிர் சேர்ந்தது, அது வந்தது. பழைய மாத்திரை போட்டால் தலை கிறுகிறுக்கும், கெட்ட கனவு வரும் என்று அழுதவர்கள் எல்லாம் புதியதில் நிம்மதியாக இருந்தார்கள். அதற்காக எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். இரும்புச் சத்து, கால்சியம், நெஞ்செரிச்சல் மருந்து, இவற்றோடு இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் சேர்த்துப் போடக் கூடாது, இரண்டும் வயிற்றிலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேராமலே வெளியே போய்விடும் என்று சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னார்கள். நான் நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் என் வாய் அந்தப் பயிற்சிக்கு வரவில்லை. அது பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருந்தது.

இப்போது ரேவதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவள் பெயர் இல்லை. பிறந்தது கடற்கரைப் பக்கம், வாழ்க்கைப்பட்டது இலுப்பூர் பக்கத்தில் ஒரு கிராமம். கணவனுக்கு விராலிமலையில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கேயே வாடகை வீடு எடுத்து இரண்டு பேரும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி. உண்டு, இரண்டு பேரும் மாத்திரை சாப்பிட்டார்கள். வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாது. ரேவதி மாதம் தவறாமல் வருவாள். ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் பிள்ளை பெற்றுக்கொள்ள முடிவு செய்தார்கள். நாள் தள்ளிப்போனதைச் சொல்ல வந்த அன்று என் மேஜை மேல் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் வைத்தாள்.

இந்தக் கிருமி அளவு அடங்கியிருந்தால் பிள்ளைக்குப் போகிற ஆபத்து மிகவும் குறைவு. ஏறினால் ஆபத்தும் ஏறும். இது உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

நாலாம் மாதம் வந்தபோது முகம் வாடியிருந்தது. மாமியார் வந்து ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். தனியாக விடக் கூடாது என்று அன்பாகத்தான். அந்த அன்புதான் சிக்கல். வீட்டில் எதையும் ஒளிக்க இடமில்லை. சுகாதார நிலையத்தில் கொடுத்த சத்து மாத்திரைகளைக்கூட அந்த அம்மா வாங்கித் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, தினமும் தன் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறார். இந்த மாத்திரையை எங்கே வைப்பது, எப்போது போடுவது என்று கேட்டாள்.

எனக்கு அது பெரிய பிரச்சினையாகவே தெரியவில்லை. பழைய நாட்களில் எத்தனையோ பேருக்குச் சொன்ன யோசனைதான். "இதுவும் சத்து மாத்திரைன்னு சொல்லி அத்தைகிட்டயே குடுத்துரு. வேற டப்பால மாத்திக் குடு. அதோட சேத்தே போட்டுக்க, மறக்கவும் மறக்காது" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். எழுந்து கதவு வரைக்கும் போனவள் திரும்பி, "அகத்திக்கீரை முறிக்கும்பாங்களே மேடம், வேற எதுவும் முறிச்சிராதுல்ல?" என்று கேட்டாள். நான் அடுத்த ஆளின் அட்டையைப் பிரித்துக்கொண்டே எதுவும் முறிக்காது, போ என்றேன்.

கதவருகே நின்று கேட்டாலும் கேள்வி கேள்விதான். நான் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும், கையேட்டில் இருக்கிறபடி, வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அது பொய் இல்லை. நம் ஊரில் மருந்து வேறு, சத்து வேறு. இருமலுக்குக் குடிப்பது மருந்து. வயலுக்கு அடிப்பதும் மருந்து. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் இரும்பும் கால்சியமும் சத்து. ஹார்லிக்ஸ் எந்தக் கணக்கோ அந்தக் கணக்கு. நான் பிறந்து வளர்ந்ததும் இந்த மாவட்டம்தான். எனக்கே இது உறைக்கவில்லை.

எட்டாம் மாதத்தில் எடுத்த பரிசோதனையில் கிருமி அளவு ஏறியிருந்தது. கொஞ்சமாக இல்லை. டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார். நம் மையத்தில் அப்போது இருந்தவர் என்னைவிட வயதில் சின்னவர், அதிகம் பேச மாட்டார். விசாரித்துவிட்டு வாருங்கள், மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்றால் ஒரு முடிவு, போட்டும் ஏறியிருந்தால் வேறு முடிவு, பிரசவத்துக்கு அதிக நாளில்லை என்றார்.

அன்று வெளியே கூட்டம் நெட்டித் தள்ளியது. ரேவதியை உட்கார வைத்து டப்பாவை வாங்கி மாத்திரைகளை எண்ணினேன். ஒன்றுகூட அதிகமில்லை, ஒன்றுகூடக் குறைவில்லை. மிகச் சரியாக இருந்தது. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. பதினேழு வருஷத்தில் எண்ணிக்கையைச் சரிக்கட்டிக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் கொட்டிவிட்டு வருவார்கள். கோழிக்குப் போட்டவர்கூட ஒருவர் இருந்தார். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பின்னால் அவரே சொன்னார்.

ஆகவே நான் கண்டுபிடித்துவிட்ட தோரணையில் கேட்டேன். "எத்தன மாத்திரைய கொல்லையில போட்ட?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒரு நாள்கூட விடவில்லை என்றாள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், மாத்திரை போட்டிருந்தால் இது ஏறாது, வயிற்றில் இருக்கிற பிள்ளையை நினைத்துப் பார்த்துப் பேசு என்றேன். இன்னும் சிலதும் சொன்னேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவள் அழவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"எனக்குச் சாட்சி எங்கத்தைதான் மேடம். அவங்க கையாலதான் தெனமும் குடுக்குறாங்க. நீங்க வந்து கேக்க முடியுமா?"

கோபம் இறங்கவில்லை, ஆனால் இடறியது. அந்த இடறலில், வேறு எதுவும் தோன்றாமல், அத்தை எப்படிக் கொடுப்பார் என்று கேட்டேன்.

அவள் உள்ளங்கையை விரித்து அதில் விரல் வைத்துக் காட்டினாள். "காலைல பல்லு வெளக்குனதும் செவப்பு ஒண்ணு, உருண்ட வெள்ளை ஒண்ணு, நம்ம நீளம் ஒண்ணு. மூணையும் ஒண்ணா வாயில போடணும். மேல நெல்லிக்காச் சாறு. அது உள்ள எறங்கிச் சத்துப் பிடிக்கணும்னு ஒரு மணி நேரத்துக்குப் பச்சத் தண்ணி தர மாட்டாங்க." உள்ளங்கையை மூடிக்கொண்டு சொன்னாள். "நீங்கதான மேடம் சேத்து போட்டுக்கச் சொன்னீங்க."

சிவப்பு இரும்பு. உருண்டை வெள்ளை கால்சியம். வெறும் வயிறு. நாலு மாதமாகத் தினமும். மறதி என்ற பேச்சுக்கே இடமில்லாமல், ஒரு நல்ல மனுஷி தன் கையால் கொடுத்திருக்கிறார். அதைக் கொடுக்க வைத்தது நான்.

இந்த வேலையில் இறந்துபோனவர்களின் அட்டையில் கோடு போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் வராத பயம் அன்று வந்தது. உள்ளே டாக்டர் பேனாவோடு காத்திருந்தார். நான் போய், மாத்திரையை விட்டுவிட்டுப் போடுகிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் எழுதிவிடுவார். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் என் பேச்சுத்தான் எடுபடும், அவ்வளவு வருஷம் ஆகியிருந்தது. நேரத்தை மாற்றிப் போடு என்று அவளிடம் காதோடு சொல்லி அனுப்பியும் விடலாம். யாருக்கும் தெரியாமலே சரியாகிவிட்டாலும் சரியாகிவிடும். இதை மறைக்கக் கூடாது என்று நான் உடனே எழுந்து ஓடினேன் என்று எழுத ஆசைதான். மேஜையிலிருந்த அட்டைகளை அடுக்கினேன், கலைத்து மறுபடி அடுக்கினேன். அப்புறம்தான் எழுந்தேன்.

டாக்டரிடம் போய், அவள் ஒரு மாத்திரையும் விடவில்லை, நான்தான் இரும்போடும் கால்சியத்தோடும் சேர்த்துப் போடச் சொன்னேன் என்றேன். அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இத இன்னும் எத்தன பேருக்குச் சொல்லிருக்கீங்க?"

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. வாய்ப்பாடாகச் சொன்னதற்கு யார் கணக்கு வைத்திருப்பார்கள். தெரிந்துகொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். அடுத்து மூன்று வாரம் மதியத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கர்ப்பிணியின் அட்டையாக, ரத்தசோகைக்கு இரும்பு சாப்பிடுகிறவர்களின் அட்டையாக எடுத்துப் போன் செய்தேன். சிலர் சேர்த்துத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லவேளையாகச் சோற்றுக்குப் பிறகு போட்டிருந்தார்கள், உணவோடு போனால் அவ்வளவு கெடுதல் இல்லை. ஒருவர் நெஞ்செரிச்சலுக்கு மாதக்கணக்கில் சங்கு பற்பம் தேனில் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சங்கும் கால்சியம்தான். நாட்டு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டபோதெல்லாம் இல்லை என்றவர். அது மருந்தா மேடம், வெறும் சங்குதானே என்றார்.

அன்றைக்குத் திரும்பி வருகிறேன். டாக்டர் ரேவதியை உள்ளே கூப்பிட்டு நேரத்தைப் பிரித்துக் கொடுத்தார். காலையில் இரும்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்சியம், நம் மாத்திரை ராத்திரிச் சாப்பாட்டோடு. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அவர் முன்னாலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அத்தையிடம் என்ன காரணம் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ரேவதி எங்களைவிடத் தெளிவாக இருந்தாள். ஒன்றை ஒன்று முறிக்குதாம் என்று சொன்னால் போதும் என்றாள். அப்படியே சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். மூன்றையும் மூன்று டப்பாவில் போட்டு, ஒன்றை அடுப்படியிலும் ஒன்றைச் சாமி மாடத்திலும் ஒன்றைத் தன் தலைமாட்டிலும் வைத்துவிட்டாராம். முறிக்கும் என்றால் அந்தப் படித்தவர்கள் முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டாராம்.

அவரைத்தான் நான் ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்து யோசனை சொன்னேன். எது எதை முறிக்கும் என்கிற கேள்வி அந்த அம்மாவுக்குப் பரம்பரையாகத் தெரியும். அதைச் சிரித்துத் தள்ளியது நான். அதனால், வேறு மருந்து உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் வாயில் என்னென்ன போகிறது என்று கேளுங்கள். சத்து, பற்பம், செந்தூரம், லேகியம், கஷாயம், சோடா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எரிச்சலாக இருக்கும். நேரமும் ஆகும்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினோம். முடிவு வருவதற்குள் அவளுக்கு வலி வந்துவிட்டது. நாளுக்கு முன்னாலேயே பிறந்தது, பெண் குழந்தை. தாயின் கிருமி அளவு தெரியாததால் ஆபத்து அதிகம் என்ற கணக்கில் வைத்துக் குழந்தைக்குக் கிருமி தொற்றாமல் இருக்கக் கொடுக்கிற சொட்டு மருந்தும் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதற்கு அத்தையிடம் ரேவதி என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. யோசனை சொல்லும் யோக்கியதையை நான் இழந்திருந்தேன். பிரசவமான நாலாம் நாள் முடிவு வந்தது. அளவு அடங்கியிருந்தது. ஆனால் அது தாயின் தாள். பிள்ளையின் தாள் ஒன்றரை வயது வரைக்கும் தவணை தவணையாகத்தான் வரும்.

அந்த ஒன்றரை வருஷத்தை எப்படிச் சொல்வது. எனக்குச் சொந்தத்தில் இரண்டு பேரப்பிள்ளைகள் உண்டு. அவர்கள் தவழ்ந்ததும் நடந்ததும் எந்த மாதம் என்று கேட்டால் யோசிக்க வேண்டும். அந்தக் குழந்தையின் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ரத்தம் எடுத்த கிழமை எனக்கு நினைவிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இல்லை, இல்லை என்றே வந்தது. கடைசி ஒன்று வராமல் நிம்மதி கிடையாது.

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது கடைசித் தாளும் வந்தது. இல்லை. குழந்தைக்கு ஒன்றும் இல்லை. ரேவதியின் கையில் கொடுத்தேன். அவள் வாசலிலேயே நின்று மூன்று தடவை படித்தாள். குழந்தை மேஜைக்கு அடியில் புகுந்து என் செருப்பை இழுத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவில்லை.

அப்புறம் அவள் உட்கார்ந்து, திருச்சி மையத்துக்கு மாற்றி எழுதிக் கொடுங்கள் என்றாள். ஏனம்மா என்றேன். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அன்றைக்கே உன்னிடம் மன்னிப்புக் கேட்டேனே என்றேன்.

"மாத்திரைக்குக் கேட்டீங்க மேடம். அது தெரியாமச் சொன்னது, அதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. கொல்லையில எத்தன போட்டன்னு கேட்டீங்கள்ல. அதுக்கு நீங்க கேக்கல."

கேட்கவில்லைதான். என் தப்பு மாத்திரையில் இருந்தது என்றே ஒன்றரை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மாற்றுப் படிவத்தை எடுத்தேன். அதில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தூரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் ஊரிலிருந்து நம் மையத்துக்கு ஒரே பஸ். திருச்சிக்கு விராலிமலை போய் மாற வேண்டும்.